மனு எழுதத் தெரிந்த மன்றம்

கேள்வி: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கிறேன். எங்கள் சட்ட விழிப்புணர்வு மன்றத்துக்கு இந்த ஆண்டு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு வழக்கறிஞரை அழைத்து 300 பேருக்குக் கூட்டம் நடத்தினோம், சுவரொட்டிப் போட்டி வைத்தோம். அதோடு மன்றம் அடங்கிவிட்டது. இப்போது மூன்று பேர் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். ஒருவருடைய லேப்டாப் விடுதியில் திருட்டுப் போனது. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். ஒரு மாணவியின் படத்தை வெளியிடுவதாக ஒருவன் மிரட்டுகிறான். இன்னொருவர் முன்பு படித்த கல்லூரியில், மீதிக் கட்டணம் கேட்டு அசல் சான்றிதழ்களைத் தராமல் வைத்திருக்கிறார்கள். எங்களில் யாரும் சட்டம் படிக்கிறவர்கள் இல்லை. நாங்கள் ஆலோசனை சொல்லலாமா? மன்றத்தை எப்படி நடத்துவது? 'உரிமை என்று சொல்லி அரசியல் உள்ளே வந்துவிடக் கூடாது' என்று முதல்வர் தயங்குகிறார். அவரிடம் என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள செயலாளருக்கு,

300 பேர் கூடிய கூட்டத்தைவிட, இந்த மூன்று பேர் உங்களைத் தேடி வந்ததைத்தான் மன்றத்தின் முதல் வெற்றியாக நான் பார்க்கிறேன். மேடையில் கேட்ட பிரிவு எண்கள் அரங்கைத் தாண்டுமுன் மறந்துபோகும். பிரச்சினையோடு வருகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு: எந்த அலுவலகத்துக்குப் போவது, என்ன எழுதுவது, எத்தனை நாளுக்குள் எழுதுவது, எழுதிக் கொடுத்ததற்கு எதை அத்தாட்சியாக வைத்துக்கொள்வது. சட்டம் படிக்கவில்லையே என்று நீங்கள் தயங்க வேண்டாம். ரசீதின் மதிப்பையும் தேதியின் மதிப்பையும் கணக்குப் படிக்கிறவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆலோசனை சொல்லலாமா என்பதை முதலில் பார்ப்போம். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது தகவல். 'முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காவல் நிலையம் இலவசமாகத் தர வேண்டும்' என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். 'உன் வழக்கு நிற்கும், சமரசத்துக்குப் போகாதே' என்று ஒருவருடைய வழக்கைப் பற்றி முடிவு சொன்னால் அது ஆலோசனை ஆகிவிடும். வழக்கறிஞர்கள் சட்டம், 1961 சட்டத் தொழில் செய்யும் உரிமையைப் பதிவு பெற்ற வழக்கறிஞர்களுக்கு மட்டுமே தந்திருக்கிறது. இந்தக் கோட்டைத் தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது உங்களை நம்பி வந்தவர்தான். ஒரு காலக்கெடுவைத் தவறாகச் சொல்லிவிட்டால் அவருடைய உரிமையே போய்விடும்.

மனு எழுத உதவுவதில் தடை இல்லை. ஆனால் மனு பாதிக்கப்பட்டவர் பெயரில், அவர் சொன்ன செய்திகளோடு, அவர் கையெழுத்தோடு போக வேண்டும். மன்றத்தின் பெயரோ முத்திரையோ அதில் வரக் கூடாது. காவல் நிலையத்துக்கு நண்பராகக் கூடப் போகலாம், பிரதிநிதியாகப் போய்ப் பேசக் கூடாது. காசு வாங்கவே கூடாது. வழக்கறிஞர் தேவைப்படும் இடம் வந்துவிட்டால், 'இதற்குமேல் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும்' என்று சொல்லி 15100 என்ற எண்ணைக் கொடுங்கள். அது தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், சிறார், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உங்கள் கல்லூரி மாணவியர் அத்தனை பேரும் இதில் அடங்குவார்கள். இந்த ஒரு செய்தியை மட்டும் ஒவ்வொரு வகுப்பறைப் பலகையிலும் எழுதிப் போட்டாலும் அது பெரிய வேலை.

இன்னொரு எச்சரிக்கை. உங்களிடம் வருகிறவருக்கு 'யாரிடமும் சொல்ல மாட்டோம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முதலாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள். 18 வயது நிறையாத ஒருவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தெரிந்துகொண்ட எவருக்கும் கடமை. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். 'வீணாக வெளியே பேச மாட்டோம். சட்டப்படி சொல்ல வேண்டியது வந்தால் உங்களுக்குத் தெரிவித்துவிட்டுச் சொல்வோம்' என்று பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி அந்த மூன்று பேர்.

லேப்டாப் பறிகொடுத்தவருக்குக் கிடைத்த சி.எஸ்.ஆர். ரசீது, மனு நிலையத்துக்கு வந்து சமூகப் பணிப் பதிவேட்டில் ஏறியதற்கான சான்று. வழக்குப் பதிவானதற்கு அது சான்றாகாது. பலர் அதை எஃப்.ஐ.ஆர். என்றே நினைத்துக் காத்திருப்பார்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இதற்கான நடைமுறையைச் சொல்கிறது. எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. மின்னணு வழியிலும் அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்நிலை விசாரணை நடத்தவும் அதே பிரிவு இடம் தருகிறது. சாதாரணத் திருட்டாக நிலையம் எடுத்துக்கொண்டிருந்தால் இது பொருந்தும் என்பதால், ரசீது வாங்கிய மறுநாளே நிலையத்தில் வாக்குவாதம் வேண்டாம். இரண்டு வாரம் ஆகியும் அசைவு இல்லையென்றால், 173(4)-இன்படி மனுவின் நகல், சி.எஸ்.ஆர். நகல் இரண்டையும் இணைத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். மாநகரமானால் துணை ஆணையருக்கு. அதற்கும் பலன் இல்லாவிட்டால் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்யலாம். அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் வேண்டும்.

இதில் பெரும்பாலும் கோளாறு புகாரின் வாசகத்தில்தான் இருக்கும். திருட்டுப் போன பொருளைக் 'காணவில்லை' என்றும் 'தொலைந்துவிட்டது' என்றும் எழுதிவிடுவார்கள். தொலைந்தது என்று எழுதினால் குற்றம் நடந்ததாகவே ஆகாது. வழக்குப் பதியக் காரணமும் இல்லாமல் போகும். 'இன்ன தேதி காலை 9 மணிக்குப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன், 4.30-க்குத் திரும்பியபோது பூட்டு உடைந்திருந்தது. நான் தங்கியிருக்கும் விடுதி அறையிலிருந்து என் லேப்டாப் திருடப்பட்டிருந்தது' என்று நடந்தது நடந்தபடி இருக்கட்டும். பிரிவு எண் எழுத வேண்டாம். 'நான் தங்கியிருக்கும் விடுதி அறையிலிருந்து' என்ற நான்கு சொற்களே போதும். ஆள் வசிக்கும் இடத்தில் நடக்கும் திருட்டுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு. செய்தியைச் சரியாக எழுதினால் பிரிவு தானே வந்து சேரும். வாங்கிய பில்லின் நகல், தயாரிப்பு வரிசை எண், அறைத் தோழரின் பெயர், கண்காணிப்புக் கேமரா எங்கே இருக்கிறது என்ற விவரம் எல்லாம் மனுவில் வர வேண்டும். பில் எதற்கு என்றால், 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளின் திருட்டை, நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய முடியாத வகையில் புதிய சட்டம் வைத்திருக்கிறது. கேமராப் பதிவு சில நாளிலேயே அழிந்துவிடும். அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி விடுதிக் காப்பாளருக்கு அன்றே தனிக் கடிதம் போக வேண்டும். திருட்டுப் போனது கைபேசியாக இருந்தால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கலாம். அதற்கும் காவல்துறையில் கொடுத்த புகாரின் நகல் தேவை.

மாணவியின் விஷயத்தில் நீங்கள் செய்யக் கூடாத ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். 'பார்த்தால்தானே புரியும்' என்று கேட்பது அவரை இன்னொரு முறை காயப்படுத்தும். அத்தகைய படத்தை ஒருவர் மற்றொருவருக்கு அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றமாகலாம். அவர் சிறுமியானால் படத்தை வைத்திருப்பதே கடும் குற்றம். மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சே வரக் கூடாது. ஒரு மாணவி உறுப்பினரும் ஒரு ஆசிரியையும் மட்டும் அவரோடு உட்காரட்டும்.

மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அனுப்பியவனின் எண், கணக்குப் பெயர், தேதி, நேரம் நான்கும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுக்க வேண்டும். கணக்கின் முகவரியைத் தனியே எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் காட்டும் பெயரை அவன் ஒரு நொடியில் மாற்றிவிடலாம். கைபேசியை விற்கவோ உள்ளிருப்பதை அழித்துப் புதிதாக்கவோ கூடாது. பின்னால் நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் கேட்பார்கள், அப்போது மூலக் கருவி தேவைப்படும். பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மறுபடி கேட்பான். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. மகளிர் உதவி எண் 181. பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930-க்கு உடனே பேச வேண்டும். பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். தாமதமானால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு போய்விடும்.

'படம் எடுக்கும்போது சம்மதித்தாயே, இப்போது எப்படிப் புகார் கொடுப்பாய்?' என்று வீட்டிலும் வெளியிலும் கேட்பார்கள். எடுக்கச் சம்மதித்தாலும் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லையென்றால் பரப்பியது குற்றம் என்று நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. இதை அந்த மாணவிக்கு மெதுவாக, தெளிவாகச் சொல்லுங்கள். பல பெண்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்த ஒரு குழப்பமே காரணம். மிரட்டுகிறவன் உங்கள் கல்லூரியைச் சேர்ந்தவனானால், காவல்துறைப் புகாரோடு, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடமும் எழுதிக் கொடுக்கலாம். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம் அதற்கான காலக்கெடு. நிறையப் பேர் தவற விடுவது இந்த மூன்று மாதத்தைத்தான்.

சான்றிதழ் விவகாரம் மூன்றிலும் எளிது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்பதே அதன் சாரம். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. கட்டண பாக்கி இருந்தால் அதைக் கேட்பது தனி விஷயம். சான்றிதழை அதற்கு ஈடாக வைத்துக்கொள்ள முடியாது. முன்பு படித்த கல்லூரியின் முதல்வருக்கு, எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தது என்று பட்டியலிட்டு, 15 நாள் தவணை சொல்லி ஒரு கடிதம் எழுதட்டும். பதில் இல்லையென்றால் அந்தக் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு. 2023 விதிமுறைகளின்படி அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கடிதத்தில் கோபத்தைக் காட்டாமல் இருப்பது நல்லது. 'கொள்ளையடிக்கிறீர்கள்' என்று எழுதிவிட்டால் பேச்சு சான்றிதழை விட்டு அந்தச் சொல்லுக்குத் திரும்பிவிடும்.

இப்போது மன்றத்தை நடத்துவது பற்றி. மேலே சொன்ன மூன்றையுமே உங்கள் முதல் மூன்று அமர்வுகளின் பாடமாக்கலாம். பெயர், ஊர், வகுப்பு, யாரென்று ஊகிக்கவைக்கும் விவரம் எதுவும் இருக்கக் கூடாது. பாலியல் வன்கொடுமைக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம். அதே கவனத்தோடு, மாணவியின் விஷயத்தை அப்படியே எடுக்காமல், முழுக்கக் கற்பனையான வேறொரு சூழலை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு அமர்வுக்கு 25 முதல் 30 பேர், ஒரு மணி நேரம், ஒரே தலைப்பு. 15 நிமிடம் சட்டத்தை விளக்குங்கள். அடுத்த 30 நிமிடம் எல்லோரும் எழுத வேண்டும். ஒரு பக்க அளவில் தாறுமாறாகச் சொல்லப்பட்ட சம்பவம் ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து புகார் மனு தயாரிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளைப் பக்கத்திலிருப்பவரிடம் மாற்றிக்கொண்டு சரிபார்க்கட்டும்: பெறுநர் சரியா, தேதியும் இடமும் உண்டா, என்ன வேண்டும் என்று கடைசியில் கேட்டிருக்கிறாரா, இணைப்புகளின் பட்டியல் இருக்கிறதா. முதல் அமர்வில் பாதிப் பேர் கோரிக்கையை எழுத மறந்திருப்பார்கள். நடந்ததையெல்லாம் மூன்று பக்கம் எழுதிவிட்டு, 'ஆகவே இன்னது செய்ய வேண்டுகிறேன்' என்ற வரியை விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட மனுவை வாங்கும் அலுவலர் கோப்பில் செருகிவிட்டுப் போகலாம்.

மனு எழுதப் பழக்க, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐவிட நல்ல களம் கிடையாது. கட்டணம் 10 ரூபாய். தமிழக அரசு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு வில்லை செல்லாது. அஞ்சல் ஆணையோ இணையவழிக் கட்டணமோ வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் திரும்பி வரும் மனுக்கள் ஏராளம். பதிலுக்கு 30 நாள், உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். பதில் வராவிட்டாலும், வந்தது சரியில்லையென்றாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

கேள்வி கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. 'எங்கள் தெரு விளக்கு ஏன் எரியவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. காரணம் சொல்லும் கடமை அலுவலருக்கு இல்லை, ஆவணத்தில் உள்ளதைத் தருவதே அவர் கடமை. 'இன்ன தெருவின் விளக்குப் பராமரிப்புக்காக 2023 ஏப்ரல் முதல் வழங்கப்பட்ட பணி ஆணைகள், பட்டியல் தொகை வழங்கிய உத்தரவுகள் ஆகியவற்றின் நகல்' என்று கேட்டால் தந்தாக வேண்டும். கல்லூரிக்குள்ளேயே ஒரு பயிற்சி உண்டு: திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு எண், தாள் குறியீடு, தேர்வு மாதம் குறித்து எழுத வேண்டும். முடிவு வந்து சில வாரத்துக்குள் எழுதிவிட வேண்டும். விடைத்தாள்களை அழிக்கும் காலம் வந்துவிட்டால் கேட்டுப் பயனில்லை.

கையேடுகளில் மிகுந்த கவனம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சட்ட விழிப்புணர்வு ஸ்லைடுகளில் பாதி காலாவதியானவை. இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளை இன்னும் நடப்புச் சட்டமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஏமாற்றுக்கு 420 இப்போது 318(4) ஆகிவிட்டது. 498ஏ இப்போது 85. 506 இப்போது 351. ஆனாலும் பழைய எண்களை எறிந்துவிட வேண்டாம். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். நடந்த தேதியே அதைத் தீர்மானிக்கிறது. 2015-இல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் ரத்தான, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை இன்றும் 'இணையத்தில் எழுதினால் சிறை' என்று போட்டிருக்கும் கையேடுகள் உண்டு. 1986 நுகர்வோர் சட்டத்தின் இடத்தில் 2019 சட்டம் வந்து, 2020 ஜூலை முதல் நடக்கிறது. அதன்படி பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் தான் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை; இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். மன்றம் அச்சிடும் ஒவ்வொரு தாளின் அடியிலும் 'சரிபார்த்த நாள், சரிபார்த்தவர்' என்று போடுங்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதம் எல்லாத் தாளையும் மறுபடி சரிபாருங்கள்.

பாதி உண்மையும் ஆபத்தானது. '24 மணி நேரத்தில் விட்டாக வேண்டும்' என்று எல்லோரும் சொல்வார்கள். அரசமைப்பின் 22ஆம் உறுப்பு சொல்வது, கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதை. விடுவிப்பதா, காவலில் வைப்பதா என்பது நடுவரின் முடிவு. 'பெண்ணை இரவில் கைது செய்யவே முடியாது' என்பதும் பாதிதான். விதிவிலக்கான சூழலில், பெண் அலுவலர் எழுத்து மூலம் நடுவரின் முன் அனுமதி பெற்றுக் கைது செய்யலாம். 'ஆளைக் காணோம் என்றால் ஒரு நாள் பொறுத்துத்தான் புகார் கொடுக்க வேண்டும்' என்பது முழுப் பொய். காணாமல் போனது குழந்தையானால் அந்தப் பொய்யின் விலை பயங்கரமானது. இதற்கென ஒரு தனி அமர்வு வையுங்கள்.

பிரச்சினையோடு வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஓர் உதவி மேசை வையுங்கள். அதற்கு வாரம் ஒரு நாள், மதிய இடைவேளையில் முக்கால் மணி நேரம் போதும். எப்போதும் இருவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண். பதிவேட்டில் பெயருக்குப் பதில் வரிசை எண், தலைப்பு, எந்த அலுவலகத்துக்கு வழிகாட்டினோம், அடுத்து விசாரிக்க வேண்டிய தேதி. அசல் ஆவணம் எதையும் வாங்கி வைக்காதீர்கள். ஆதார் நகல் சேர்க்காதீர்கள். எவர் பெயரையும் சொல்லி மன்றத்தின் பலகையிலோ குழுவிலோ குற்றம் சாட்டாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் தனிப்பட்ட பெயரில் வரும்.

வல்லுநருக்கு வெளியே அலைய வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. முதன்மை மாவட்ட நீதிபதி அதன் தலைவர், நீதித்துறை அலுவலர் ஒருவர் முழுநேரச் செயலாளர். முதல்வரின் கடிதத்தோடு, குறைந்தது மூன்று வாரம் முன்னதாகச் செயலாளருக்கு எழுதுங்கள். விரிவுரையாளரை அனுப்புவார்கள், துண்டறிக்கை தருவார்கள், கட்டணம் கிடையாது. உங்கள் தாள்களைச் சரிபார்க்க, ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள ஒரு வழக்கறிஞரை ஒதுக்கித் தரும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள்; சொற்பொழிவைவிட அது உங்களுக்குப் பெரிய உதவி. தனியே ஒரு வழக்கறிஞரை அழைத்தால், சுவரொட்டியில் அவருடைய அலுவலக முகவரி, கைபேசி எண், எந்த வழக்கில் தேர்ந்தவர் என்பவற்றைப் போடாதீர்கள். வழக்கறிஞர் விளம்பரம் தேடுவதை இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி தடுக்கிறது. வந்தவருக்கு நீங்கள் சங்கடம் தேடித் தந்ததாகிவிடும்.

ஊருக்குள் போக, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமோடு சேர்ந்துகொள்ளுங்கள். மாலை 7 மணிக்கு மைக் கட்டிப் பேசினால் பெண்கள் சமையலில் இருப்பார்கள். காலையில் வீடு வீடாகப் போய், பகலில் ஒரு திண்ணையில் படிவங்களோடு உட்காருங்கள்: சட்ட உதவி விண்ணப்பம், தகவல் உரிமை மனு, வாக்காளர் பட்டியலுக்கு 6ஆம் படிவம், திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்கும் 8ஆம் படிவம். 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பதும், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டில் நான்கு தகுதி நாட்கள் உண்டு என்பதும் கல்லூரிக்குள்ளேயே பலருக்குத் தெரியாது.

முதல்வரின் தயக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். வளாகத்தில் ஏதாவது நடந்தால் பதில் சொல்லப் போகிறவர் அவர்தான். ஆண்டுத் திட்டத்தை ஒரே தாளில் கொடுங்கள்: அக்டோபர் 12 ஒட்டித் தகவல் உரிமை, நவம்பர் 9 சட்டப்பணிகள் நாள், நவம்பர் 26 அரசமைப்பு நாள், டிசம்பர் 24 நுகர்வோர் நாள். ஒவ்வொரு அமர்வின் தாளும் ஒரு வாரம் முன்னால் அவர் மேசைக்குப் போகும் என்று எழுதிக் கொடுங்கள். கட்சி, சாதி அமைப்பு எதனிடமும் பணமோ இடமோ வாங்குவதில்லை, நிலுவையிலுள்ள வழக்கில் யார் பக்கமும் பேசுவதில்லை என்பதையும் சேருங்கள். இந்த இரண்டு உறுதியையும் மன்றம் உண்மையாகவே கடைப்பிடிக்க வேண்டும். ஒரு தடவை மீறினால் மூன்று ஆண்டு உழைப்பு போய்விடும்.

அதே சந்திப்பில் அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும், ராகிங் தடுப்புக் குழு விவரமும், 1800-180-5522 என்ற ராகிங் உதவி எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-உம் மானியக் குழுவின் 2009, 2015 விதிமுறைகளும் கல்லூரி மீது சுமத்தியுள்ள கடமை அது. ராகிங்குக்குத் தமிழ்நாட்டின் 1997 சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பலகையை எழுதி மாட்டும் வேலையை மன்றம் ஏற்றுக்கொள்ளட்டும். பெயர்ப் பட்டியலைக் கல்லூரி தரட்டும். கல்லூரியின் கடமையை நிறைவேற்றத் துணை நிற்கும் மன்றத்தை எந்த முதல்வரும் அந்நியமாகப் பார்க்க மாட்டார்.

லேப்டாப் பறிகொடுத்த நண்பரின் சி.எஸ்.ஆர். ரசீதில் உள்ள தேதியை இன்றே பாருங்கள். 14 நாள் தாண்டியிருந்தால், கண்காணிப்பாளருக்கான கடிதத்தை அவர் இந்த வாரமே தபாலில் சேர்த்து, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். மாணவியின் புகார் மட்டும் இந்த வாரம்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.